தண்ணீர் இல்லாத கடல்

விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல் மணல்மேல் நிற்கிறது. 1969-இல் நம் கடற்படையில் சேர்ந்து, 2001-இல் ஓய்வுபெற்று, அடுத்த ஆண்டே அருங்காட்சியகமாக மாறிய கப்பல் அது. உள்ளே போய் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் அது கடலைக் கிழித்துக்கொண்டு போகும் காட்சி வேண்டுமா? கப்பலோடு ஒரு கடலையும் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

கப்பல் சுலபம். நிஜ நீளம் 91.3 மீட்டர். அதை 350-ஆல் வகுத்தால் 26 சென்டிமீட்டர். உங்கள் ஸ்கேலுக்குள் அடங்கிவிடும். எடைக்கு மட்டும் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 350-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். மிதக்கும்போது சுமார் 1950 டன் உள்ள கப்பல் வெறும் 45 கிராம் ஆகிவிடும்!

சரி, கடலுக்கு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றினால் போதாதா? போதாது. கப்பல் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி 1.7 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அங்கே புவியீர்ப்பைவிடப் பரப்பு இழுவிசையின் கைதான் ஓங்கும். அந்தச் சிற்றலை பார்க்கக் கடல் அலைபோல இருக்காது. வேகமும் பொருந்தாது. கடலில் 7 வினாடிக்கு ஒன்றாக வரும் அலை, நம் அளவுக்குச் சுருங்கினால் அரை வினாடிக்குள் ஓடிவிடும். சினிமாவில் மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் விட்டுப் படம்பிடிக்கும்போது, காட்சியை மெதுவாக ஓட்டுவது இதனால்தான். அப்படியும் பெரிய பெரிய சொட்டுகள் தெறித்துக் குட்டு வெளிப்பட்டுவிடும்!

ஆகவே நமக்கு அசையாத கடல்தான் சரி. தெர்மோகோல் பலகையில் கப்பல் உட்காரப் பள்ளம் வெட்டுங்கள். குர்சுரா 6 மீட்டர் அமிழ்ந்து மிதக்கும். அதற்கு 17 மில்லிமீட்டர் ஆழம். மேலே டிஷ்யூ தாளை விரித்து, தண்ணீர் கலந்த பெவிகாலைப் பிரஷ்ஷால் தடவுங்கள். ஈரத் தாளை விரல் நுனியால் மெல்லத் தள்ளினால் சுருக்கம் விழும். காய்ந்ததும் அந்தச் சுருக்கங்களே அலைகள். பலரும் சறுக்குவது இங்கேதான். 2 சென்டிமீட்டர் உயரத்துக்கு அலை எழுப்பிவிடுவார்கள். 350-ஆல் பெருக்கிப் பாருங்கள், 7 மீட்டர்! அது புயல். ஒரு மீட்டர் அலைக்கு 3 மில்லிமீட்டர் போதும்.

கப்பலுக்குப் பின்னால் விரியும் தடத்துக்குக் கோணமானியை எடுங்கள். ஆழ்கடலில் கப்பல் விட்டுச்செல்லும் அலைத்தடம் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 19.5 பாகையில் விரியும் என்று கெல்வின் பிரபு 19-ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுச் சொன்னார். குளத்தில் நீந்தும் வாத்துக்கும் கிட்டத்தட்ட அதே கோணம்தான்.

அடுத்து வண்ணம். வெளிர்நீலம் வேண்டவே வேண்டாம். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். ஆழம் கூடக்கூட நீலமும் கருமையுமே மிஞ்சும். கருநீலத்தில் கொஞ்சம் பச்சை கலந்து பூசுங்கள். கப்பலை ஒட்டி நுரை பொங்கும் இடத்தில் மட்டும் வெளிர்பச்சை. அங்கே காற்றுக் குமிழிகள் ஒளியை ஆழத்துக்குப் போகவிடாமல் திருப்பி அனுப்பிவிடும். நுரை வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான். கடைசியாகப் பளபளக்கும் வார்னிஷ் ஒரு பூச்சு. அது இல்லாவிட்டால் கடல் ஈரமாகத் தெரியாது.

கடைகளில் கிடைக்கும் எபாக்சி ரெசினை ஊற்றினால் கண்ணாடிபோல் கடல் வரும், உண்மைதான். ஆனால் அது இறுகும்போது சூடாகும், அதன் ஆவியும் நல்லதல்ல. பெரியவர்கள் துணையில்லாமல் தொடாதீர்கள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கப்பலின் கோபுரத்தில் ஒரு மாலுமியை நிறுத்துங்கள். அவர் உயரம் 5 மில்லிமீட்டர், ஓர் அரிசி அளவுதான். அவரைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு உங்கள் கப்பல் எவ்வளவு பெரியது என்று புரியும்.