நாவல்பழத்தின் ஊதா எதில் கரையும்?

நன்றாகக் கனிந்த நாவல்பழம் ஆறேழு எடுத்துக்கொள்ளுங்கள். தோலை மட்டும் உரித்து நசுக்கி, மூன்று கிண்ணங்களில் போடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், அடுத்ததில் எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர், மூன்றாவதில் தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் ஊதாவாகியிருக்கும். எலுமிச்சை சேர்த்தது சிவந்திருக்கும். எண்ணெயில் மட்டும் நிறம் ஏறியிருக்காது. தோலிலிருந்து கசிந்த சாறு அடியில் துளித்துளியாக ஒதுங்கி நிற்கும். அதே எண்ணெயில் மஞ்சள்தூளைப் போட்டிருந்தால் நிறம் நன்றாக இறங்கியிருக்கும்!

நாவலின் நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருகிறது. அதன் மூலக்கூறோடு சர்க்கரைகள் இணைந்திருக்கின்றன. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் லேசான நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் உடையது. அதனால் அது இந்த நிறமியைப் பற்றி இழுத்துக்கொள்கிறது. எண்ணெய்க்கு அந்தப் பிடிப்பு கிடையாது. அமிலம் சேர்ந்தால் ஆந்தோசயனின் சிவக்கும். எளிதில் சிதையாமலும் இருக்கும்.

அப்படியானால் ஆய்வகத்தில் நிறமியைப் பிரித்தெடுக்கவும் தண்ணீரே போதுமே? போதாது. நிறமி பழத்தின் செல்களுக்குள் சவ்வுகளால் மூடப்பட்டுக் கிடக்கிறது. தண்ணீர் செல்லை ஊறி உப்பச் செய்யும்; எத்தனால் என்ற ஆல்கஹால் சவ்வைக் குலைத்து வழி திறக்கும். பழத்தை நசுக்கியதும் நிறத்தைப் பழுப்பாக்கத் தொடங்கும் நொதிகளையும் எத்தனால் அடக்கும். அதனால்தான் இரண்டையும் கலந்து, துளி அமிலமும் சேர்த்தால், தனித் தண்ணீரையும் தனி எத்தனாலையும்விட அந்தக் கலவை பெரும்பாலும் நன்றாக வேலை செய்கிறது. நாவலைத் தின்றதும் நாக்கை இழுக்கும் துவர்ப்புக்குக் காரணமான டானின்களை எடுக்க, தண்ணீர் கலந்த அசிட்டோன் கெட்டி. ஹெக்சேன் என்ற கரைப்பானோ மெழுகையும் எண்ணெய்ப் பொருள்களையும் மட்டுமே கொண்டுவரும். ஆய்வகங்களில் அடிக்கடி பயன்படும் மெத்தனால் கண்பார்வையையே பறிக்கக்கூடிய நஞ்சு. ஆகவே உணவுக்கான சாறு எடுக்கத் தண்ணீரும் எத்தனாலும்தான் ஏற்றவை.

ஆந்தோசயனினும் டானினும் ‘ஆன்ட்டி ஆக்சிடன்ட்’ வகையைச் சேர்ந்தவை. எலக்ட்ரான் ஒன்று இணையின்றி நிற்கும் துடுக்கான மூலக்கூறுகளை இவை அடக்குகின்றன. அந்தத் திறனை அளக்க டி.பி.பி.எச். என்ற ஊதாப் பொருள் உதவுகிறது. அதிலும் இணையில்லாத எலக்ட்ரான் ஒன்று உண்டு. ஆன்ட்டி ஆக்சிடன்ட் அதற்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்ததும் ஊதா வெளிறி மஞ்சளாகும். மார்ஸ்டன் பிளாய்ஸ் என்பவர் 1958இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கிய முறை இது. நிறம் எவ்வளவு குறைந்தது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் கருவி அளந்து சொல்லும். இதில் ஒரு சிக்கல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல்: அமிலத்தில் ஆந்தோசயனின் விழுங்கும் ஒளியும் ஏறக்குறைய அதேதான்! ஆகவே சாற்றின் சொந்த நிறத்தைத் தனியே அளந்து கழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழத்தின் திறன் குறைவாகத் தெரியும்.

இப்போது யோசியுங்கள். ஒரே மரத்துப் பழத்தை ஒருவர் ஹெக்சேனிலும் மற்றவர் எத்தனால் கலவையிலும் ஊறவைத்து அளந்தால் இரண்டு எண்களும் வெகுதூரம் விலகி நிற்கும். இரண்டுமே பொய்யல்ல. ஒவ்வொரு கரைப்பானும் பழத்திலிருந்து வெவ்வேறு கூட்டத்தை வெளியே அழைத்து வந்திருக்கிறது. “இந்தப் பழத்தின் ஆன்ட்டி ஆக்சிடன்ட் அளவு இவ்வளவு” என்று யாராவது சொன்னால், எதில் கரைத்து, எந்த முறையில் அளந்தார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை இத்தகைய எண்களைப் பட்டியலாகவே வைத்திருந்தது. சோதனைக்குழாய் எண்கள் உடலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை, விளம்பரங்களிலோ தவறாகப் பயன்படுகின்றன என்று 2012இல் அந்தப் பட்டியலை விலக்கிக்கொண்டது.

நாம் பழத்தைத் தின்னும்போது நம் வயிறும் குடலும்தான் கரைப்பான்கள். இரைப்பையின் அமிலத்தில் ஆந்தோசயனின் தாக்குப்பிடிக்கும். சிறுகுடலில் அமிலம் குறைந்ததும் அது சிதையத் தொடங்கும். சிறு பங்குதான் இரத்தத்துக்குப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் உடைத்து வேறு பொருள்களாக மாற்றுகின்றன. அதனால் சில ஆய்வாளர்கள் உமிழ்நீர், இரைப்பை நீர், குடல்நீர் ஆகியவற்றைப் போன்ற திரவங்களைச் செய்து, 37 டிகிரி செல்சியஸில் பழக்கூழை வரிசையாக அவற்றில் ஊறவைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எது கரைந்து வருகிறது என்று பார்க்கிறார்கள்.