நம்ம வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?



குழுவில் வண்டிக்கடன் கேட்கும்போது, "லிட்டருக்கு 60 கிலோமீட்டர் குடுக்கும்" என்று விற்பவர் சொன்னதை வைத்தே பெரும்பாலும் கணக்குப் போடப்படுகிறது. தவணை கட்ட முடியுமா என்பதும் அதை வைத்தே முடிவாகிறது. ஆனால் அந்த 60 நம்ம ஊர் ரோட்டில் கிடைக்குமா?

ஏன் குறைகிறது?

புனேயில் 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற ஆய்வு நிறுவனங்களில், வண்டியை உருளையின் மேல் ஓட்டி அளக்கிறார்கள். அங்கே மேடு பள்ளம் கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, பின்னால் பூக்கூடையும் கிடையாது. நாமோ இரண்டு பேர் உட்கார்ந்து, மூட்டையும் வைத்து, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்று நின்று போகிறோம். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் வண்டி நகராமல் நின்றாலும் எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலுக்குச் சக்தி குறைவு. பழைய இருசக்கர வண்டிகளில் இதனால் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

பணத்தில் பார்ப்போம்

ஒரு உறுப்பினர் பூ வியாபாரத்துக்காகத் தினமும் 30 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாள் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 780 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், 60 கிலோமீட்டர் கணக்கில் செலவு 1,300 ரூபாய். உண்மையில் 45 தான் கிடைத்தால் 1,733 ரூபாய். மாதம் 433 ரூபாய் கூடுதல், வருடத்துக்கு 5,200 ரூபாய் அளவுக்கு வந்துவிடும். அவர் தவணைக்கு எடுத்து வைக்க வேண்டிய பணம் இது.

நாமே அளப்பது எப்படி?

1. பங்கில் டேங்கை நிரப்புங்கள். குழாய் தானாக நின்றதும் போதும். மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். (உதாரணம்: 14,210)
2. வழக்கம்போல் ஓட்டுங்கள்.
3. அதே பங்கில் மறுபடி அதே அளவுக்கு நிரப்புங்கள். மீட்டர் 14,390, போட்டது 4 லிட்டர் என்றால், ஓடியது 180 கிலோமீட்டர். 180-ஐ 4-ஆல் வகுத்தால் 45. அதுதான் நம்ம வண்டியின் உண்மையான மைலேஜ்.

50க்கும் 100க்கும் போடுபவர்கள் ஒரு மாதம் முழுக்க எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வந்தால் ஏறக்குறைய சரியாக வந்துவிடும்.

எப்படி மிச்சம் பிடிக்கலாம்?

* டயரில் காற்று குறைந்தால் வண்டி இழுக்காது, பெட்ரோல் கூடும். வாரம் ஒருமுறை பாருங்கள்.
* ஒரே சீராக 40, 50-ல் ஓட்டுங்கள். 50-ஐ 70 ஆக்கினால் எதிர்க்காற்றின் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது.
* ரயில்வே கேட்டில் நிற்கும்போது எஞ்சினை அணையுங்கள்.
* கோயில் மலைப்பாதையில் இறங்கும்போது மட்டும் எஞ்சினை அணைக்கவோ நியூட்ரலில் விடவோ வேண்டாம். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டாலே பெட்ரோல் போவது தானாக நின்றுவிடும். கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

வேன் பிடித்துப் போகும்போது

குழுவாகத் திருப்பதிக்குப் போய்வர ஏறக்குறைய 140 கிலோமீட்டர் ஆகும். டீசல் நம்ம செலவு என்று பேசினால், முதலிலேயே "லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?" என்று டிரைவரிடம் கேளுங்கள். 10 என்றால் 14 லிட்டர். மேலே மூட்டை கட்டினாலும், ஏ.சி. போட்டாலும் இன்னும் கூடும். ஆந்திராவில் பெட்ரோல், டீசல் விலை அதிகம் என்பதால் எல்லை தாண்டும் முன் திருத்தணியிலேயே நிரப்பிக்கொள்வது லாபம்.

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த மாதம் அளந்து, அடுத்த குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஊக்குநர்கள் அதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து வண்டிக்கடன் கேட்கும் சகோதரிக்கு நம்ம ரோட்டில் ஓடிய கணக்கே கையில் இருக்கும்.