சேர்க்கைக் கணக்கில் விடுபட்ட பிள்ளைகள்

பிளஸ் டூ முடிவு வந்ததும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் கல்லூரிப் பேச்சுதான். ‘அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு’ என்றால் அது உயர்ந்த கல்லூரி; கேட்டவருக்கெல்லாம் இடம் என்றால் மட்டம். இந்த அளவுகோல் நம் தெருக்களுக்குள்ளும் வந்துவிட்டது. பஞ்சாலைக்கும் காட்டு வேலைக்கும் போய்ப் பிள்ளையைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் இதை நம்பிக் கடன் வாங்குகின்றன. அதனால் இந்தக் கணக்கை நாம் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

இடம் பெற்றவர்களின் எண்ணிக்கையை விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சேர்க்கை விகிதம். அது குறையக் குறையக் கல்லூரி கறாரானது என்கிறார்கள். ஆனால் யாரை வைத்து வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். 2024-இல் 23 ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து 17,740 இடங்கள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதிய சுமார் 1.80 லட்சம் பேரை வைத்துக் கணக்கிட்டால் 100-க்கு 10 பேருக்கு இடம். முதல் படியான மெயின் தேர்வை எழுதிய 14 லட்சம் பேரை வைத்தால் 100-க்கு ஒருவர் சொச்சம். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட வழியில்லாமல் தேர்வுக்கே போகாத நம் பிள்ளைகள் இரண்டு கணக்கிலும் இல்லை.

உலகப் புகழ்பெற்ற ஹார்வர்டின் கதையும் இதுதான். அதன் மீதான வழக்கில் வெளிவந்த விவரப்படி, முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. மற்றவர்களில் 100-க்கு 6 பேர்தான். கறாரான வாசல் என்று பெயர். அது எல்லோருக்கும் ஒரே அளவு கறாராக இல்லை.

தமிழ்நாட்டு அனுபவமும் நமக்கு இருக்கிறது. 1984-இல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007-இல் சட்டத்தால் ஒழிந்தது. 2017-இல் மருத்துவத்துக்கு நீட் வந்தது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கைப்படி, நீட்டுக்கு முன் 15 சதவீதத்தை ஒட்டியிருந்த தமிழ்வழி மாணவர் சேர்க்கை, 2020-21-இல் 2 சதவீத அளவுக்குச் சரிந்தது. தமிழ்வழிப் பிள்ளைகளின் அறிவு நான்கே ஆண்டில் குறைந்துவிடவில்லை. வாசலைத்தான் மாற்றி வைத்தார்கள்.

நம் பகுதிக்கு வருவோம். ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இணைப்புக் கல்லூரிகளில் கலந்தாய்வு இடம் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டு இடமும் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அரசுக் கலந்தாய்வுக்கு வெளியே, தாமே மாணவரைச் சேர்க்கின்றன.

எந்த வாசல் வழியாகப் போகிறோம் என்பதில்தான் நம் குடும்பத்தின் கடன் இருக்கிறது. கலந்தாய்வில் ஆதிதிராவிடருக்கும் அருந்ததியருக்குமாக 18 சதவீதம். அதில் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 சதவீதம். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீதமும், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு இடத்துக்குத்தான். ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பட்டியலின மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குக் கட்டணம் இல்லை, இன்னொருவர் வீட்டில் நகை அடகில். ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று வீடு தேடி வரும் தரகர் இதைச் சொல்வதில்லை.

ஆகவே ‘எத்தனை பேரைத் தள்ளினார்கள்’ என்பதை விட்டு வேறு நான்கு கேள்விகளைக் கேட்போம். நம் பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? எத்தனை பேர் சேர்ந்தார்கள்? எந்த வாசல் வழியாகச் சேர்ந்தார்கள்? எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் வாங்கினார்கள்?

பதில் தேட ஓர் இடம் உண்டு. தேசியத் தரவரிசைக்குத் தரும் விவரங்களைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். முதலாண்டில் சேர்ந்தோர், உரிய காலத்தில் முடித்தோர், வேலை பெற்றோர் கணக்கு அதில் இருக்கும். ஒரு குறை: பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் மூவரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கூட்டுத்தொகைக்குள் நம் பிள்ளைகள் பத்துப் பேரா, நூறு பேரா என்று தெரியாது. அந்தக் கட்டத்தைப் பிரித்து வெளியிட வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை.

இரண்டாவது, சட்டம். தனியார் நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு தர அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு 2006 முதல் இடம் தருகிறது. ஆனால் நாடு முழுவதற்குமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவில்லை. கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் அதைப் பரிந்துரைத்தது. குழு எடுத்துப் பார்த்த முன்னணித் தனியார் நிறுவனங்களில் பட்டியலின மாணவர் 1 சதவீதத்துக்கும் குறைவு. தரம், தேர்வு என்ற பெயரில் நடப்பது இதுதான்.

சட்டம் வரும்போது வரட்டும். இந்த ஆண்டு பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் முதலில் கலந்தாய்வில் பதிவு செய்யுங்கள். பட்டியலினத்தவருக்குப் பதிவுக் கட்டணம் பாதிதான். சாதி, வருமானச் சான்றிதழ்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். நிரம்பாத அருந்ததியர் இடங்களுக்கு ஆதிதிராவிடருக்குத் தனிச் சுற்று உண்டு. முதல் சுற்றோடு கைவிட்டுவிடாதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் முன்பணம் கட்டும் முன் ‘இது எந்த ஒதுக்கீட்டு இடம், உதவித்தொகை உண்டா’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் பணத்தைக் கட்ட வேண்டாம்.