ஆகாஷ் கைக்கணினி

ஆகாஷ் என்பது மாணவர்களுக்காக இந்திய அரசு கொண்டுவந்த மலிவு விலைக் கைக்கணினி, அதாவது டேப்லட் ஆகும். டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த இதை அமைச்சர் கபில் சிபல் 2011 அக்டோபர் 5 அன்று புதுதில்லியில் வெளியிட்டார். அரசுக்கு அடக்கவிலை 2,300 ரூபாய்க்கும் குறைவு.

அந்த விலைக்காகச் செய்த சிக்கனம் பயன்பாட்டில் தெரிந்தது. 7 அங்குலத் திரை அழுத்தினால்தான் வேலை செய்யும். செயலி 366 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 256 எம்பி. இதிலிருந்த ஆண்ட்ராய்டு 2.2 இயங்குதளத்தில் தமிழ் எழுத்துரு கிடையாது; தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். தமிழ்வழி மாணவருக்கு விலையைவிட இதுவே பெரிய தடை என்பேன். சிம் அட்டைக்கு இடமில்லை, வைஃபை மட்டுமே. தேவர்சோலை போன்ற ஊர்களின் தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பிள்ளை வைஃபைக்கு எங்கே போவது? (இதற்கு இருபது நாள் முன்புதான் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது.)

கடைவிற்பனைக்கான யுபிஸ்லேட் 7+ வகையில் சிம் வசதி சேர்க்கப்பட்டது. 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட ஆகாஷ் 2, மெல்லத் தொட்டாலே இயங்கும் திரையும் 512 எம்பி நினைவகமும் ஆண்ட்ராய்டு 4.0 இயங்குதளமும் கொண்டது. அந்தப் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டிலேயே தமிழ் எழுத்துரு உண்டு.