பென்சில் பேக்கிங் முதல் கருந்திரி வரை... வீட்டிலிருந்தே வேலை என்றால் எதை நம்பலாம்?

‘வீட்டிலிருந்தே பென்சில் பேக்கிங் செய்யலாம். மாதம் 30,000 ரூபாய் சம்பளம், 15,000 ரூபாய் அட்வான்ஸ்’. ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ இந்த விளம்பரத்தைப் பார்க்காதவங்க குறைவு. நடராஜ் பென்சில் படம் இருக்கும், கீழே ஒரு செல்போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டால் ஆதார், போட்டோ கேட்பாங்க. அப்புறம் ஐடி கார்டுக்குச் சில நூறு ரூபாய், கூரியருக்கு இன்னும் கொஞ்சம், ‘டெலிவரி வண்டி வழியில் நிக்குது’ என்று இன்னும் கொஞ்சம். பென்சில் மட்டும் வரவே வராது. அந்தப் பென்சிலைத் தயாரிக்கும் ஹிந்துஸ்தான் பென்சில்ஸ் நிறுவனமே ‘நாங்கள் யாருக்கும் வீட்டில் பேக்கிங் வேலை தருவதில்லை’ என்று அறிவித்த பிறகும் விளம்பரம் நின்றபாடில்லை.

இதில் ஏமாறுகிறவர்களை முட்டாள்னு சொல்லிட்டுப் போறது சுலபம். ஆனால் சிவகாசி பக்கம் எம்.புதுப்பட்டி மாதிரி ஊரில் இருந்து பார்த்தால், இந்த விளம்பரம் ஏன் உண்மை மாதிரி தெரியுதுன்னு புரியும். அந்த வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூலிக்கு வேலை பார்ப்பது புதுசே இல்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதை அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்ததுதான் பெட்டி ஒட்டும் வேலை. தீப்பெட்டி ஆபீஸில் இருந்து அட்டையும் தாளும் வீட்டுக்கு வரும். ஒட்டிக் காய வைத்துக் கொடுத்தால் குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பாட்டி பார்த்த வேலை இது. ‘பெட்டி ஒட்டலாம்னா பென்சில் அடுக்கக் கூடாதா?’ என்று ஒரு பொண்ணு நினைச்சா அதில் தப்பே இல்லை.

தவிர, பட்டாசு ஆலைக்குப் போகப் பயப்படவும் காரணம் இருக்கு. 2023 அக்டோபர் 17 அன்று எம்.புதுப்பட்டி பக்கத்தில் ரெங்கபாளையத்தில் நடந்த பட்டாசு விபத்தில் பத்துப் பேருக்கு மேல் இறந்தாங்க. பெரும்பாலும் பெண்கள். பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு வேலை நாட்களும் முன்ன மாதிரி இல்லை. ‘ஆலைக்கெல்லாம் போக வேணாம்மா, போன்ல ஏதாவது பாரு’ என்று வீட்டிலேயே சொல்றாங்க.

பெட்டி ஒட்டும் வேலை சொல்லித் தரும் கணக்கு

சரி, பெட்டி ஒட்டும் வேலையையே அளவுகோலாக வெச்சுப் பார்ப்போம். அதில் ஏஜென்ட் பக்கத்துத் தெருக்காரர். அட்டையை டி.வி.எஸ். வண்டியில் கொண்டு வந்து இறக்குவார், ஒட்டினதை அதே வண்டியில் எடுத்துட்டுப் போவார். தூரம் குறைவு என்பதால்தான் அந்த வேலை வீடு தேடி வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி உதிரிப் பென்சிலை உங்க ஊருக்குக் கூரியரில் அனுப்பி, பத்து பத்தா அடுக்கி, திரும்ப வாங்கினால் போக்குவரத்துச் செலவே பென்சில் விலையைத் தொட்டுடும். மெஷின் நொடியில் அடுக்கும் வேலைக்கு யார் மாசம் 30,000 தருவாங்க?

இன்னொன்று கவனிங்க. பெட்டி ஒட்டும் வேலையில் பொருள் அவர் கொடுப்பார், கூலியும் அவர்தான் கொடுப்பார். ‘முதலில் நீ பணம் கட்டு, அப்புறம் அட்டை தர்றேன்’ என்று எந்த ஏஜென்ட்டும் கேட்டதில்லை. பதிவுக் கட்டணம், திரும்பக் கிடைக்கும் டெபாசிட், ஜி.எஸ்.டி... பேர் எதுவாக இருந்தாலும் வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால், அங்கே விற்பனைச் சரக்கே நீங்கதான்.

டெலிகிராம் ‘டாஸ்க்’ இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால், ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார் கொடுத்தால் முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே வரும். நம்பிக்கை வந்ததும் ‘ப்ரீபெய்டு டாஸ்க்’ என்று 1,000, 5,000 கட்டச் சொல்வாங்க. திரையில் உங்க பேரில் பெரிய தொகை ஏறிக்கிட்டே இருக்கும். எடுக்கப் போனால் ‘வரி கட்டணும்’. அந்தத் தொகை வெறும் எண், பணம் இல்லை. டேட்டா என்ட்ரியில் வேறு ரகம்: ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, ‘தப்பு நிறைய இருக்கு, நஷ்டஈடு கட்டு’ என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்பி மிரட்டுவாங்க. பயந்து பணம் கட்டாதீங்க. அந்த நோட்டீஸையே போலீஸிடம் காட்டுங்க.

நல்ல கூலி, சின்ன வேலை... ரிஸ்க் யாருக்கு?

காசு கேட்காமல் கையில் காசு தரும் வேலையும் இருக்கு. அதுதான் எனக்கு அதிக பயம். சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ‘வீட்டில் கருந்திரி பதுக்கியவர் கைது’, ‘சோல்சா வெடி பறிமுதல்’ என்ற செய்தி அடிக்கடி வரும். மருந்து ஏறாத வெறும் தாள் குழாய் உருட்டுவது ஒரு வேலை. மருந்து தடவிய திரியோ, வெடியோ வீட்டுக்குள் வந்தால் அது வேறு விஷயம். நாக்பூர் லைசென்ஸோ, டி.ஆர்.ஓ. லைசென்ஸோ, உரிமம் என்பது குறிப்பிட்ட இடத்துக்குத்தான். அங்கேயும் ஒரு மருந்து அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சமையல் அடுப்பும் குழந்தையும் இருக்கும் வீட்டுக்கு அந்த உரிமம் நீளாது. வெடிபொருள் சட்டத்தில் அனுமதியில்லாமல் தயாரித்தால் 3 ஆண்டு வரை சிறை. ஏஜென்ட் கூடுதலாகத் தரும் காசு உங்க உழைப்புக்கு இல்லை, அவர் தலையில் இருக்க வேண்டிய ஆபத்தை உங்க வீட்டுக்கு மாற்றியதற்கு.

போனில் இதே வேலையின் பேர் ‘அக்கவுன்ட் வாடகை’. ‘உங்க பேங்க் அக்கவுன்ட், ஏ.டி.எம். கார்டு, சிம் கொடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம்’ என்பாங்க. யாரையோ ஏமாற்றிய பணம் உங்க கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பேரில் இருக்கோ அவரைத்தான். கணக்கு முடங்கினால் நூறு நாள் வேலைச் சம்பளமும், கல்வி உதவித்தொகையும் சேர்ந்து முடங்கும்.

அப்போ உண்மையான வேலை எங்கே?

இருக்கு, ஆனால் சம்பளம் விளம்பரத்தில் வரும் அளவுக்கு இருக்காது. தையல் தெரிந்தால் சமூக நலத்துறையின் கீழ் இருக்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவு சங்கத்தை விசாரிங்க. அரசுப் பள்ளிச் சீருடைகள் இந்தச் சங்க உறுப்பினர்கள் கையில்தான் தைக்கப்படுது. தையல் தெரியாதவங்களுக்கு, வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கு. பயிற்சியும் சாப்பாடும் இலவசம்.

போனிலேயே செய்யணும்னா, கம்ப்யூட்டருக்குத் தாய்மொழி கற்றுத் தரும் வேலைகள் வந்திருக்கு. பெங்களூரைச் சேர்ந்த ‘கார்யா’ என்ற நிறுவனம் இந்திய மொழிகளில் வாக்கியங்களை வாசித்துப் பதிவு செய்து தரும் கிராமத்து மக்களுக்குக் கூலி தருது. ஆனால் இது ஒரு பிராஜெக்ட் ஓடும் வரை வரும் கூலிதான், நிரந்தர வேலை இல்லை. உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் மூலமாகவே பெரும்பாலும் ஆள் எடுக்குறாங்க. அதே பேரில் யாராவது டெலிகிராமில் கூப்பிட்டால் சந்தேகப்படுங்க.

என்னைக் கேட்டால், சிவகாசிக்காரங்களுக்குக் கையிலேயே ஒரு வாய்ப்பு இருக்கு. காலண்டர், டைரி, லேபிள் என்று நாடு முழுக்க அச்சடித்து அனுப்பும் ஊர் அது. தமிழ் டைப்பிங்கில் லோயர் முடித்து, புரூஃப் பார்க்கவும், சின்ன டிசைன் போடவும் பழகினால் அச்சகத்தில் நேரில் போய்க் கேட்கலாம். சில மாதம் அங்கே உட்கார்ந்து பழகிய பிறகு ஃபைலை வீட்டுக்கு அனுப்பச் சொல்வது எளிது. முதல் நாளே வீட்டிலிருந்து என்று ஆரம்பிக்கும் வேலையைவிட, முகம் தெரிந்த முதலாளியிடம் பாதி வழியில் வீட்டுக்கு மாறும் வேலைக்கு ஆயுள் அதிகம்.

வேலை தேட மாநில அரசின் தனியார் துறை வேலை இணையதளமும், மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும் இருக்கு. இரண்டிலும் பதிவு இலவசம். வீட்டில் இருந்து கூலிக்கு வேலை பார்ப்பவர்களும் சட்டப்படி அமைப்புசாராத் தொழிலாளர்களே. அதனால் பெட்டி ஒட்டும் அம்மாவும் சரி, தைக்கும் அக்காவும் சரி, இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துக்கலாம். அதுவும் இலவசம்தான்.

ஏற்கெனவே பணம் கட்டிட்டீங்களா? வீட்டில் திட்டுவாங்கன்னு மறைச்சு, விட்டதைப் பிடிக்க இன்னொரு தடவை கட்டாதீங்க. உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கி அதை நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். கையில் மூன்று விஷயம் வெச்சுக்கோங்க: பணம் அனுப்பிய நேரம், ஜிபே அல்லது போன்பேயில் காட்டும் யு.டி.ஆர். எண், அவங்களோடு பேசிய சாட்டின் ஸ்க்ரீன்ஷாட். அவசரத்தில் சாட்டை அழிச்சுட்டு நம்பரை பிளாக் பண்ணிடாதீங்க. புகார் எண் வாங்கின பிறகு பிளாக் பண்ணிக்கலாம்.