மரை பிடிக்கும், கூம்பு அடைக்கும்

நடுத்தரக் குடும்பமும் வாங்கக்கூடிய விலையில் வி-8 எஞ்சின் பொருத்திய காரை ஃபோர்டு நிறுவனம் 1932-ல் இறக்கியது. 65 குதிரைத்திறன். கலிஃபோர்னியா இளைஞர்கள் அதன் மட்கார்டுகளைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி, மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். ‘ஹாட் ராட்’ கலாசாரம் அந்தக் காரைச் சுற்றித்தான் வளர்ந்தது. அமெரிக்கப் பட்டறைகளில் இன்றும் அதைப் பிரித்து, மாற்றி, மறுபடி கட்டுகிறார்கள்.

அந்தக் காரில் பிரேக் போட்டால் சக்கரத்தை நிறுத்தியவை இரும்புக் கம்பிகள். மற்ற நிறுவனங்கள் திரவ பிரேக்குக்கு மாறிக்கொண்டிருந்த காலத்திலும், பெடல் முதல் சக்கரம் வரை உருக்கு என்பதையே ஃபோர்டு பெருமையாக விளம்பரம் செய்தது. விமான நிறுவனத்துக்குப் பெயர் தந்த லாக்ஹீட் குடும்பத்தைச் சேர்ந்த மால்கம் வடிவமைத்த திரவ பிரேக்குகள் 1924-லேயே கிரைஸ்லர் காரில் வந்துவிட்டன. அவருடைய ஆரம்ப வடிவத்தில் அடைப்புக்குத் தோல் கிண்ணங்களை வைத்திருந்தார். அவை கசிந்தன. கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பருக்கு மாற்றிய பிறகுதான் அந்தப் பிரேக் நம்பகமானது. ஃபோர்டு இறங்கி வந்தது 1939 மாடலில். அது வந்ததும் ஹாட் ராட்காரர்கள் அந்தப் புதிய பிரேக்குகளைக் கழற்றிப் பழைய 1932 காரில் மாட்டத் தொடங்கினார்கள்.

சிக்கலும் அங்கே தொடங்குகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் பிரேக் பைப், நட், துளை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி ஒரே இடத்தில் தீர்மானிக்கப்பட்டவை. ஆளாளுக்குக் கட்டிக்கொள்ளும் காரில் அப்படி இல்லை. பெடலை மிதித்ததும் திரவத்தை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஒரு வண்டியுடையது. முன்சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் எண்பதுகளின் ஜெனரல் மோட்டார்ஸ் காருடையது. பின்சக்கர டிரம் இன்னொன்றிலிருந்து வந்தது. நடுவில் இருக்கும் வால்வு கடையில் தனியாக வாங்கியது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒவ்வொரு மரை, ஒவ்வொரு வடிவம்.

இந்த இணைப்புகள் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். அவசரமாகப் பிரேக்கை மிதிக்கும் கால் 45 கிலோ எடைக்குச் சமமான விசையைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெடலின் நெம்புகோல் அதை 6 மடங்காக்கும். 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 4 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 70 கிலோ, அதாவது 1000 பி.எஸ்.ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல 30 மடங்குக்கும் மேல்.

இதைக் கேட்டதும் பைப் வெடித்துவிடுமோ என்றுதான் மனம் போகும். பைப்புக்கு ஒன்றும் ஆகாது. பிரேக் பைப்பின் வெளிவிட்டம் 3/16 அங்குலம், சுவர் 0.7 மில்லிமீட்டர். இத்தனை சிறிய விட்டத்தில் அந்த அழுத்தம் உருக்குச் சுவரில் உண்டாக்கும் இழுவிசை, உருக்கு தாங்கக்கூடியதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. துரு அரிக்காத வரை, எதிலும் உராயாத வரை பைப் நிற்கும். கசிவதெல்லாம் முனைகளில்தான்.

முனையில் திரவத்தைத் தடுப்பது எது? வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தே பழகிய நாம் மரைதான் என்று சொல்லிவிடுவோம். குழாய்க்காரர் வெள்ளை டேப்பை நாலு சுற்று சுற்றி முறுக்குகிறார், தண்ணீர் நிற்கிறது. கார் பிரேக்கின் பெரும்பாலான இணைப்புகளில் மரைக்கு அந்த வேலையே கிடையாது. பைப்பின் நுனியை விரித்து ஒரு கூம்பாக ஆக்கியிருப்பார்கள், அதுதான் ஃப்ளேர். துளைக்குள் அதற்கு ஏற்ற இன்னொரு கூம்பு இருக்கும். நட்டை முறுக்கினால் அது பைப்பின் விரிந்த நுனியைக் கூம்பின்மேல் அழுத்தும். உலோகமும் உலோகமும் நசுங்கிப் படியும் அந்த மெல்லிய வளையம்தான் 70 கிலோ அழுத்தத்தை மறிக்கிறது. மரை பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. திரவம் அதைத் தொடவே கூடாது.

ஒரு ஃப்ளேர் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுக்காமல், சுற்றிச் சுற்றி வெட்டும் கட்டரால் வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பின் உட்பக்கப் பிசிறைச் சுரண்டி எடுக்க வேண்டும். நட்டை முதலிலேயே பைப்பில் நுழைத்துவிட வேண்டும். நுனி விரிந்த பிறகு அது ஏறாது. பிறகு பைப்பை அச்சில் இறுக்கி, நுனியில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் வைத்து, முதல் அழுத்தத்தில் அதைக் குமிழாக்குகிறார்கள். இரண்டாவது அழுத்தத்தில் கூம்பு முனை இறங்கி, அந்தக் குமிழின் மேல்பாதியை உள்ளே மடித்துவிடுகிறது. சுவர் இப்போது இரண்டு அடுக்கு. அமெரிக்கக் கார்களின் 45 டிகிரி ‘டபுள் ஃப்ளேர்’ இதுதான். ஒற்றை அடுக்காக விட்டால் உருக்குப் பைப்பின் விளிம்பு முறுக்கும்போது பிளந்துகொள்ளும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் முதல் அழுத்தத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது ‘பபிள் ஃப்ளேர்’. அதற்கான துளையின் அடியில் இருப்பது குழிந்த இருக்கை. இரண்டையும் மாற்றிப் போட்டால் அடைக்காது.

மூன்றாவதாக ஒன்று விமானத்திலிருந்து வந்தது. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் விமானங்களுக்காக வகுத்த ‘ஏ.என்.’ இணைப்பில் கோணம் 37 டிகிரி. கோணம் குறைந்ததால் உலோகம் குறைவாகவே விரிகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்ற கடினமான பைப்புக்கு அது உகந்தது. ஃப்ளேரின் முதுகைத் தாங்க ஒரு தனி வளையமும் உண்டு. பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் பைப்பை வாங்கிவிட்டு அதில் டபுள் ஃப்ளேர் போட முயன்றால் விளிம்பு அநேகமாக வெடிக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 3/16 அங்குலப் பைப்புக்கான 45 டிகிரி நட்டும் 37 டிகிரி நட்டும் ஒரே மரை: 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. ஒன்றை இன்னொன்றில் போட்டால் கைக்கு எந்தத் தடையும் தெரியாமல் ஏறிவிடும். உள்ளே 8 டிகிரி வித்தியாசம். இரண்டு கூம்புகளும் பரப்பாகப் படியாமல் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

மெட்ரிக் மரை இன்னும் மோசம். எம்10 அளவில் 1 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மரை இறக்குமதி மாஸ்டர் சிலிண்டர்களில் சாதாரணம். அமெரிக்க 3/8 நட்டின் விட்டம் 9.525 மில்லிமீட்டர், அதன் மரை இடைவெளி 1.058. எம்10 துளையில் அந்த நட்டைப் போட்டால் சில சுற்று நன்றாகவே போகும். மரையின் பல்லோ பாதி ஆழம்தான் கடித்திருக்கும். ஸ்பானரை வைத்து முறுக்கும்போதோ, பிற்பாடு ஒருநாள் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போதோ உரிந்துவிடும். எந்த வண்டியின் உதிரி பாகம் என்று எழுதி வைத்துக்கொண்டு, மரை அளவுகோலை வைத்துப் பார்த்த பிறகே பைப் வெட்டுவது நல்லது. அடாப்டர் மேல் அடாப்டராகப் போட்டுச் சமாளிப்பதை நான் ஏற்க மாட்டேன். ஒவ்வொரு அடாப்டரும் கசியக்கூடிய இடத்தை ஒன்று கூட்டுகிறது. முனைகளில் வேறு வேறு நட்டும் வேறு வேறு ஃப்ளேரும் வைத்து ஒரே பைப்பாகச் செய்துவிடலாம்.

மரையே அடைக்கும் இணைப்பும் காரில் ஓரிடத்தில் வரும். கடையில் தனியாக விற்கும் பிரேக் வால்வுகள் சிலவற்றில் 1/8 அங்குல கூம்பு மரை இருக்கிறது. அதை முறுக்க முறுக்க இறுகும், ஆனாலும் மரையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே நூல் போன்ற ஒரு சுருள் வழி மிச்சமிருக்கும். அதை நிரப்ப, பிரேக் ஆயில் கரைக்காத பேஸ்ட்டை முதல் ஒன்றிரண்டு சுற்றை விட்டுவிட்டுத் தடவுவார்கள். டேப் அங்கேயும் வேண்டாம். பிய்ந்த டேப் துணுக்கு ஒன்று மாஸ்டர் சிலிண்டரைச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெடலை விட்டதும் திரவம் தொட்டிக்குத் திரும்பும் துளை ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அது அடைபட்டால் அழுத்தம் இறங்காது. பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டு சூடேறும். சூட்டில் திரவம் விரிய, இன்னும் இறுகும்.

காலிப்பரில் ஹோஸ் சேருமிடத்தில் அடைப்பது தட்டையான செம்பு வாஷர்கள். நடுவே துளையிட்ட போல்ட் ஹோஸின் வளையத்துக்குள் புகுந்து செல்ல, வளையத்துக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வாஷர் வரும். ஒருமுறை நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும், இரண்டாம் முறை அதே போல் படியாது. விலையோ சொற்பம். கழற்றினால் புதிது போட வேண்டியதுதான். ஃப்ளேர் இல்லாமல் வளையத்தை நசுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் இணைப்பை மட்டும் பிரேக் பைப்பில் போடவே கூடாது. அதிர்விலும் அழுத்தத்திலும் பைப் நழுவி வெளியே வந்துவிடும்.

பைப் எதுவென்று கேட்டால் செம்பும் 10 சதவீத நிக்கலும் கலந்த உலோகம் என்பேன். துருப்பிடிக்காது, கையால் வளையும், ஃப்ளேர் சுத்தமாக விழும். வெறும் செம்பு அப்படியல்ல. அதிர்ந்து அதிர்ந்து கெட்டிப்பட்டு விரிசல் விடும்.

எல்லாம் பூட்டியானதும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் அழுத்தத்தில் சுருங்குவது மிகக் கொஞ்சம். காற்றோ 70 மடங்கு அழுத்தத்தில் இருந்த இடம் தெரியாமல் சுருங்கும். நாம் மேலே எடுத்துக்கொண்ட சிலிண்டரில் 1 மில்லிலிட்டர் காற்று தங்கினாலே பிஸ்டன் இரண்டரை மில்லிமீட்டர் வீணாக ஓடும். பெடலில் அது ஒன்றரை சென்டிமீட்டர். பெடல் பஞ்சு போல இறங்குவது இதனால்தான்.

பழைய தோற்றம் வேண்டுமென்று 1939 பாணியில் ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரை வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. அதில் எந்த முனை கசிந்தாலும் நான்கு சக்கரமும் போச்சு. இரண்டு தனித்தனி அறை என்பதை அமெரிக்கச் சட்டம் 1968-லேயே புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கிவிட்டது. தோற்றத்துக்காக இதை விட்டுக்கொடுப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை ஓங்கி மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்க்க வேண்டும். எங்காவது ஈரம் தெரிந்தால் நட்டை லேசாகத் தளர்த்தி மறுபடி இறுக்கலாம். புதுக் கூம்புகள் ஒன்றோடொன்று படிய இரண்டு மூன்று முறை இப்படிச் செய்வது வழக்கம். அதற்கு மேலும் கசிந்தால் நீள ஸ்பானரைத் தேடிப் போக வேண்டாம். நட்டைக் கழற்றி, கூம்பில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கூம்பு சுத்தமாக இருந்தால் குறை பைப்பின் நுனியில்தான். அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஃப்ளேர் போடுங்கள்.