கொழுந்து நடக்கும் தூரம்

ஹட்டன், நுவரெலியா பக்கத்துப் பழைய தேயிலை ஸ்டோர்களில், அதாவது தொழிற்சாலைகளில், மேல்மாடிகள் முழுக்க கொழுந்து வாட்டத்தான். வாடிய கொழுந்தை மேலிருந்து குழாய்வழி தள்ளினால் கீழ்த்தளத்து ரோலருக்கு வந்து விழும். சுமக்க ஆள் வேண்டாம். இயந்திரங்களை எங்கே வைத்தால் போக்குவரத்து நேரம் குறையும் என்ற கேள்வியில் பாதிக்கு அந்தக் கட்டடங்களே விடை சொல்லிவிட்டன.

மீதிப் பாதி கீழ்த்தளத்தில் இருக்கிறது. ரோலரில் அரை மணி நேரம் போல உருண்ட கொழுந்து, ரோல் பிரேக்கர் என்ற சல்லடைக்குப் போகும். சலித்து விழுவது முதல் தூள். அது புளிக்க வைக்கப்படும். மேலே தங்கும் பருவட்டு மறுபடி ரோலருக்கு. பிறகு இரண்டாம் தூள், மறுபடி ரோலர், மூன்றாம் தூள். ரோலருக்கும் சல்லடைக்கும் நடுவே 15 மீட்டர், நாளைக்கு 20 தடவை போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: தள்ளுவண்டி 600 மீட்டர் ஓடுகிறது. இடைவெளி 5 மீட்டரானால் 200 மீட்டர் போதும். ஈரத் தரையில் அந்த வண்டியைத் தள்ளுகிறவருக்கு இது சின்ன வித்தியாசமல்ல.

தூளுக்கும் அல்ல. ரோலரில் இலை கசங்கியதுமே சாறு காற்றோடு சேர்ந்து நிறமும் மணமும் மாறத் தொடங்குகிறது. புளிக்கும் நேரத்தை அங்கிருந்தே எண்ணுகிறார்கள். அடுப்புச் சூடு பட்டால்தான் அது நிற்கும். ஆகவே வண்டியில் காத்திருக்கும் நேரமும் புளிக்கும் நேரம்தான். ஒரு வண்டி சீக்கிரமும் ஒன்று தாமதமாகவும் போனால், ஒரே நாள் தேநீர் இரண்டு ருசியில் வரும். 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் முதலில் பங்களா விறாந்தை மேசையில் கையால்தான் உருட்டினார். அங்கே இந்தத் தொல்லை இல்லை. இயந்திரங்கள் பெருகிய பிறகுதான் தூரமும் வந்தது.

நவீனத் தொழிற்சாலைகளின் வழி எளிது: அடிக்கடி சரக்கு மாற்றிக்கொள்ளும் இயந்திரங்களை ஒரே குழுவாக அருகருகே வைப்பது. எத்தனை தடவை போகிறது, எவ்வளவு தூரம் என்று பெருக்கிக் கூட்டி, மிகக் குறைந்த கூட்டுத்தொகை வரும் அமைப்பைத் தேடுகிறார்கள். பொருளியலாளர்கள் கூப்மன்ஸும் பெக்மனும் 1957-இல் இதைக் கணிதமாக்கினார்கள். ஆனால் தேடல் லேசல்ல: 8 இயந்திரங்களை 8 இடங்களில் 40,320 விதமாக வைக்கலாம்.

எல்லாவற்றையும் நெருக்கிவிடவும் முடியாது. ரோலர் அறைக்குக் குளிர்ச்சியும் ஈரப்பதமும் வேண்டும். அடுப்போ அனல் கக்கும். தரம் பிரிக்கும் அறை உலர்ந்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் ரோலர்கள் வரிசையாக நின்றதற்குக் காரணம் இருந்தது: நீண்ட ஒரே தண்டு சுழன்று, பட்டிகள்வழி எல்லாவற்றையும் ஓட்டியது. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் வந்த பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கனத்த அஸ்திவாரத்தில் நிற்கும் ரோலரைப் பெயர்ப்பது பெருஞ்செலவு. சல்லடையை நகர்த்துவது அவ்வளவு கஷ்டமில்லை. அதை ரோலர்களுக்கு நடுவே கொண்டுவருவதிலிருந்து தொடங்கலாம். எங்கே வைப்பதென்று வண்டி தள்ளுகிறவர்களையே கேட்க வேண்டும். எந்த வண்டி எங்கே காத்துக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.